காரின் அடியில் குங்குமத் தண்ணீர்

எனக்கு என் வீட்டுக்காரர் மேல் பொறாமை. அவர் வேறு யாரையும் பார்த்துவிடவில்லை, என்னைவிட நல்ல வேலையிலும் இல்லை. என் அப்பா அவரிடம் பேசுகிற பேச்சில் பாதிகூட என்னிடம் பேசுவதில்லை, அதுதான் காரணம். கல்யாணமாகிப் பதினாறு வருடமாகிறது. என் பிறந்த ஊரான ரெங்கத்திலிருந்து அப்பா என் போனுக்கு அழைக்கும்போதெல்லாம் முதல் கேள்வி ஒன்றேதான்.

“பாப்பா, மாப்பிள்ள பக்கத்துல இருக்காரா?”

இருக்கிறார் என்று போனைக் கொடுப்பேன். அப்புறம் அரைமணி நேரம் கூடத்தில் ஒரே சிரிப்பு. நான் சமையலறையில் நின்று, வேண்டியதற்கு மேல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

அப்பா செம்பனை எண்ணெய் டேங்கர் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் கதைகளுக்குக் குறைவில்லை. கோத்தா திங்கி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு லோரி கூரைமேல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்த கதை, பிரேக் பிடிக்காமல் செம்பனைத் தோட்டத்துக்குள் இறக்கிய கதை. எனக்கு எல்லாம் மனப்பாடம். “இத போன மாசமே சொல்லிட்டீங்கப்பா” என்பேன். என் வீட்டுக்காரரோ பத்தாவது தடவை கேட்கும்போதும் கண்ணை அகல விரித்து, “அப்புறம் என்னாச்சு மாமா?” என்பார். நடிப்பு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே மறுபடி கேட்கப் பிடிக்கும். அது தெரிந்த பிறகு எரிச்சல் இன்னும் அதிகமானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வண்டி வேலை தெரிந்தவள் நான். நாங்கள் குடியிருக்கும் தெப்ராவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அங்கே ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் சூடான எண்ணெய் ஹோஸ் வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். எங்கே ஒரு சொட்டு கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் தினமும் விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் சரக்கு எண்ணுகிறவர். கார் வேலையெல்லாம் அவர் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. கை சுத்தம், பொறுமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு நானே சாட்சி.

மறுவீட்டு விருந்துக்கு ரெங்கம் போன அன்று, சாப்பிட்டு முடித்ததும் அப்பா காரின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அது ஆட்டோ கியர் போட்ட வெளிர்பச்சை ஜப்பான் கார். அப்பா சொந்தமாக வாங்கிய ஒரே வண்டி. கல்யாணத்துக்கு முன்னால் அதன் அடியில் பல தடவை படுத்தவள் என்பதால், நான் பழக்கதோஷத்தில் துணியை எடுத்து எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவப் போனேன். அப்பா என் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கி என் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

“இனிமே ஒனக்கு எதுக்குமா இந்த அழுக்கு? மாப்பிள்ள பாத்துக்குவாரு.”

பட்டு வேட்டியில் நின்ற மாப்பிள்ளை அந்தக் கம்பியைப் பார்த்து, “இது என்னா மாமா?” என்று கேட்டார். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நான் புதுத்தாலியும் மருதாணிக் கையுமாகத் தூணோரம் நின்று, என் பொம்மையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு விழுந்த தீ இன்னும் அணையவில்லை.

இந்த வருடம் அப்பாவுக்குக் கண்ணில் கோளாறு. இனிமேல் கார் ஓட்டக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அப்பா ஒரு வாரம் யாருடனும் பேசவில்லை. பிறகு போன் செய்தார், வழக்கம்போல மாப்பிள்ளையைக் கேட்டார். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் சாவியை ஒப்படைப்பதாகவும், காரை நாங்களே தெப்ராவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றும் சொன்னார். போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரர், “மாமா காடிய நமக்குத் தர்றாராம்” என்றார்.

“நமக்கா, ஒங்களுக்கா?” என்று கேட்டேன்.

“எல்லாம் ஒண்ணுதானே.”

ஒன்றில்லை. அந்த இரும்பை விற்றால் ஒரு நல்ல சைக்கிள்கூட வாங்க முடியாது. ஆனால் எனக்கு அந்தச் சாவி வேண்டும். அப்பா அதை என் கையில், என் பேரைச் சொல்லித் தர வேண்டும். நாற்பது வயதில் இப்படி ஓர் ஆசையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

மேலே போவதற்கு முன் ஒரு திருட்டு வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டோ கியர்பெட்டிக்குள் ஓடுகிற எண்ணெய் நல்ல சிவப்பு நிறம். ஓட ஓட அது சூடேறும். அதை மெல்லிய இரும்புக் குழாய் ஒன்று முன்பக்கத்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். அங்கே ஆறியதும் இன்னொரு குழாய் திரும்பக் கொண்டுவரும். சாவி கைமாறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, தீபாவளிக்கு முதல் நாள், அப்பாவும் மாப்பிள்ளையும் சேர்ந்து முடிவெட்டப் போயிருந்த நேரம், காரின் கீழே எதேச்சையாகக் குனிந்து பார்த்தேன். அந்தக் குழாயில் ஒரு சாண் நீளத்துக்குத் துரு. துருவில் சிவப்பாக ஈரம். அவர்கள் வந்ததும் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? “மாப்பிள்ள, கொஞ்சம் பாருங்க.” அதனால் நானே அடியில் படுத்தேன். துருப்பிடித்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு, இடைவெளியை ரப்பர் ஹோஸால் இணைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் வளையம் போட்டு இறுக்கினேன். பண்டிகை அவசரத்தில் மூடப்போன கடையில் சூடான கியர் எண்ணெய்க்கு உரிய ஹோஸ் இல்லை. பெட்ரோல் ஹோஸ்தான் இருந்தது. ஒரு வாரம் தாங்கட்டும், அடுத்த முறை வரும்போது மாற்றிவிடலாம் என்று அதையே போட்டேன். அவர்கள் திரும்புவதற்குள் கையைக் கழுவிவிட்டு முறுக்குப் பிழியத் தொடங்கிவிட்டேன்.

அடுத்த முறை மாற்றவில்லை. மாற்ற வேண்டுமென்றால் முதலில் போட்டதைச் சொல்ல வேண்டும். சொல்லாமலே அடுத்த தீபாவளியும் வந்து போய்விட்டது. ஹோஸ் வேலைக்குச் சம்பளம் வாங்குகிற ஒருத்தி, தெரிந்தே தப்பான ஹோஸைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள்.

பூஜைக்கு ஒரு மாதம் முன்பு என் வீட்டுக்காரர் தனியாக ரெங்கம் போய் அந்தக் காருக்குக் கியர் எண்ணெய் மாற்றிவிட்டு வந்தார். “முன்பக்க ஹோஸ் எல்லாம் நல்லா பாத்துட்டேன்” என்றார். என் பெட்ரோல் ஹோஸும் அன்றோடு குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தேன். நிம்மதியாக இருந்தது. அந்தக் காரில் என் கைபட்டது எதுவும் இனி இல்லை என்று நினைத்தபோது வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

நவமி எந்தக் கிழமையில் வந்தாலும் எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அந்த வாரத்துச் சனிக்கிழமைதான். மாப்பிள்ளைக்குச் சனி, ஞாயிறுதான் லீவு, சரஸ்வதியும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். அப்பாவின் பழைய ஸ்பேனர்கள், அம்மாவின் தையல் மெஷின், என் டூல் பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கடைசியில் கார். வெள்ளைப் பூசணிக்காயில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கலக்கி, மேலே கற்பூரம் ஏற்றி, அப்பா அதை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். போன வருடம்வரை அப்பாவே உடைத்தார்.

எல்லாரும் ரோட்டில்தான் உடைப்பார்கள். எதிர்வீட்டு மலாய்க்காரரின் மோட்டார் சைக்கிள் ஒரு தடவை பூசணிக்காய் வழுக்கிச் சாய்ந்துவிட்டதால், அப்பா அதற்குப் பிறகு கேட்டுக்கு உள்ளே, காரின் மூக்குக்கு முன்னால் சிமெண்டுத் தரையில்தான் உடைக்கச் சொல்வார். மாப்பிள்ளை மூன்று சுற்றுச் சுற்றி ஓங்கிப் போட்டதில் பூசணிக்காய் சுக்குநூறாகி, சிவப்புத் தண்ணீர் காரின் அடிவரைக்கும் ஓடியது. டயரில் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக் காரை முன்னும் பின்னும் நகர்த்தினார்கள். துண்டுகளைப் பொறுக்கிப் போட்டோம். ஆனால் சிவப்பை மூன்று நாளைக்குக் கழுவக்கூடாது. அது அப்பாவின் சட்டம். எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று கேட்டால் முறைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு வாசலுக்கு வந்தேன். முதல் நாள் குங்குமம் காய்ந்து, தரையில் பொடியாக ஒட்டிக் கிடந்தது. காரின் மூக்குக்கு நேர் கீழே மட்டும், ஒரு தட்டளவு, சிவப்பாக ஈரம். பளபளவென்று இருந்தது.

“இன்னும் காயல பாருங்க” என்றேன்.

கோலப்பொடி டப்பாவோடு நின்ற அம்மா எட்டிப் பார்த்தார். “குங்குமத் தண்ணி. நெழல்ல கெடக்குல்ல, மெதுவாத்தான் காயும்.”

அப்பாவும் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “மாப்பிள்ள ஒடச்ச ஒடைல காடி அடி வரைக்கும் போயிருக்கு. நல்லதுதான் லா, திருஷ்டி எல்லாம் போச்சு.” என் வீட்டுக்காரரும் குனிந்து பார்த்து, தன் பலத்தை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகச் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

எல்லாரும் போனதும் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டேன். வழவழவென்றிருந்தது. மோந்து பார்த்தேன். குங்குமத்துக்கு இப்படி லேசாகக் கருகிய வாசனை வராது. தொழிற்சாலையில் தினமும் மோந்து பார்க்கிற மூக்கு, தப்பாது. கியர் எண்ணெய்.

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். போன மாதம் இதில் கை வைத்தவர் அவர். ஹோஸ் எல்லாம் பார்த்தவர் அவர். சொட்டுகிறது என்றால் அவர் வேலை சொட்டுகிறது. இப்போது நான் சத்தம் போட்டால், அவர் உடனே படுத்துச் சரி செய்துவிடுவார். அப்பா “மாப்பிள்ளைக்கு எவ்ளோ கண்ணு பாரு” என்று அதற்கும் பாராட்டுவார். சொல்லாவிட்டால் அது தானாகவே தெரியவரும். அப்பா பக்கத்தில் இருக்கும்போதே தெரியவரும். ஒரே ஒரு தடவை, மாப்பிள்ளை செய்த வேலை தப்பு என்று அப்பா வாயிலிருந்து வரட்டும். கியர்பெட்டி கெட்டுப்போகலாம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அப்பாவின் கார் என்பது தெரியாதா? தெரியும். விரலைப் பழைய துணியில் துடைத்துவிட்டு உள்ளே போய் இட்டிலி சாப்பிட்டேன்.

பத்து மணிக்கு வெற்றிலைத் தட்டில் வைத்துச் சாவி கொடுக்கப்பட்டது. அப்பா இரண்டு கையாலும் தட்டைப் பிடித்து, “மாப்பிள்ள, இனிமே இது ஒங்க பொறுப்பு” என்றபோது அவர் குரல் உடைந்தது. என் வீட்டுக்காரர் காலில் விழுந்து எழுந்து வாங்கிக்கொண்டார். அம்மா என்னையும் விழச் சொன்னார். விழுந்தேன். எனக்கு விபூதி கிடைத்தது.

தோட்டத்து ரோட்டில் ஒரு முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. வண்டி கைமாறினால் முதலில் அங்கே போய்த் தேங்காய் உடைக்க வேண்டும். மாப்பிள்ளை ஓட்ட, அப்பா பக்கத்தில், நானும் அம்மாவும் பின்னால். ரெங்கம் கடைத்தெருவைத் தாண்டி, செம்பனைமரங்கள் இரண்டு பக்கமும் வரத் தொடங்கின. நான் என் வீட்டுக்காரர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு மேட்டிலும் காது கூர்மையானது.

மூன்றாவது மேட்டில் இன்ஜின் வீறிட்டுக் கத்தியது. கார் நகரவில்லை. என் வீட்டுக்காரர் காலை எடுத்து மறுபடி அழுத்தினார். சத்தம்தான் ஏறியது. கார் மெல்லப் பின்னுக்கு உருண்டது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது; அடித்த ஹாரனில் அம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்தார். என் வீட்டுக்காரர் எப்படியோ பிரேக்கை அழுத்தி, உருட்டி, ஓரத்துப் புல்லில் கொண்டுவந்து நிறுத்தினார். லோரி எங்களை உரசுகிற மாதிரி கடந்து போனது. நான் கணக்குப் போட்டதில் இந்த லோரி இல்லை.

அப்பா முதலில் இறங்கினார். முகம் வெளுத்திருந்தது.

“என்ன மாப்பிள்ள, போன மாசம் என்னத்த பண்ணி வெச்சீங்க?”

பதினாறு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை. அவர் குரலில் அந்தக் கடுப்பை நான் கேட்டதே இல்லை, என்னிடம் தவிர வேறு யாரிடமும். ஒரு நொடி எனக்கு இனித்தது. ஒரே ஒரு நொடிதான்.

என் வீட்டுக்காரர் காரின் பின்னால் சாமான் வைக்கும் ‘பூட்’டிலிருந்த அட்டையை விரித்து முன்னால் படுத்து உள்ளே பார்த்தார். வெளியே வந்தபோது சட்டை தோளில் சிவப்பு. என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பினார்.

“ஹோஸ் ஒண்ணு வெடிச்சிருக்கு மாமா. என் தப்புதான். நான்தான் சரியா பாக்கல.”

“எந்த ஹோஸ்?” என்று நான் கேட்டேன்.

அவர் அட்டையை விட்டு நகர்ந்து நின்றார். நான் புடவையைச் செருகிக்கொண்டு அந்த அட்டையில் படுத்தேன். கியர் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில், வீங்கி, வாய்பிளந்த ஒரு சாண் பெட்ரோல் ஹோஸ். இரண்டு முனையிலும் என் கிளாம்புகள். நான் இடதுகைக்காரி. கிளாம்ப் போடும்போது திருகாணியின் தலையை இடதுகைக்கு வாகாகத் திருப்பித்தான் வைப்பேன். வேறு யாரும் அப்படி வைக்கமாட்டார்கள். இரண்டும் அப்படியே இடதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அட்டையில் மல்லாந்து கிடந்தபடி யோசித்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம். பழியை அவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். நல்ல மனிதர், என்னைக் காப்பாற்றுகிறார். ஆனால் எனக்கு நன்றி வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டார், பூசணிக்காயை எடுத்துக்கொண்டார், அப்பாவின் கதைகளை எடுத்துக்கொண்டார், இப்போது என் தப்பையும் எடுத்துக்கொள்கிறார். அந்தக் காரில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். யோக்கியதை வந்து நான் எழுந்திருக்கவில்லை. பொறாமைதான் என்னை எழுப்பிவிட்டது.

“அவரு இல்லப்பா. அது நான் போட்ட ஹோஸ். ரெண்டு வருஷம் முன்னாடி, தீபாவளிக்கு மொத நாளு. ஒங்களுக்குத் தெரியாம போட்டேன்.”

அப்பா செம்பனைமரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தெரியும்” என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: “போன மாசமே சரியான ஹோஸு, புது கிளாம்ப்பு எல்லாம் வாங்கிட்டுத்தாம்மா வந்தேன். மாமாதான் மாத்த வுடல. ‘அது எம்பொண்ணு போட்டது, அத மட்டும் தொடாதீங்க’ன்னுட்டாரு. வாங்கினது இன்னும் பூட்லதான் கெடக்கு.”

பூட் மூடியைத் திறந்தேன். ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில், பையோடு, பிரிக்காமல் இருந்தது. பக்கவாட்டில் எழுத்து அச்சிட்ட, சூட்டைத் தாங்கும் ஹோஸ். நான் போட்டிருக்க வேண்டிய ஹோஸ். கூடவே போன மாதம் மிஞ்சிய கியர் எண்ணெய் அரைப் போத்தல்.

அது போதாது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கமாக வந்த ஒருவரின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, பெட்ரோல் ஸ்டேஷனில் எண்ணெய் வாங்கப் போனார். அம்மா கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முந்தானையால் விசிறியபடி, முனீஸ்வரனிடம் தேங்காயை ஒன்பதாக்குவதாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். குழாய் ஆறும்வரை காத்திருந்துவிட்டு நான் அடியில் படுத்தேன். அப்பா முன்னால் குந்தி உட்கார்ந்து, கேட்காமலே ஸ்குரூடிரைவரை என் இடதுகைப் பக்கம் நீட்டினார்.

கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை இழுத்தேன். ரப்பர் மரக்கட்டைபோல் இறுகிக் கிடந்தது, வரமாட்டேனென்றது. கத்தியால் கீறித்தான் எடுத்தேன். மிச்சமிருந்த சிவப்பு எண்ணெய் முழங்கைவரை வழிந்தது. குழாயின் இரண்டு முனையையும் எமரித்தாளால் தேய்த்துத் துடைத்து, புது ஹோஸை ஒரு கட்டைவிரல் நீளத்துக்கு நன்றாக உள்ளே ஏற்றினேன். வெட்டிய குழாய் முனை வழுவழுப்பாக இருக்கும். அழுத்தத்தில் ஹோஸ் நழுவிவிடக்கூடும். அதனால் இந்தத் தடவை ஒரு முனைக்கு இரண்டு கிளாம்ப்.

“ஏம்பா, அது பெட்ரோல் ஹோஸுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?” என்று அடியிலிருந்தே கேட்டேன். முகம் தெரியாதபோது கேட்பது சுலபமாக இருந்தது.

“தெரியும். முப்பது வருஷம் லோரி ஓட்டினவன்.”

“பின்ன ஏன் மாத்த வுடல?”

அவர் செருப்பு மட்டும் தெரிந்தது.

“நல்லாத்தானே போட்டிருந்த” என்றார், ஏதோ குறை சொல்கிற குரலில்.

நல்லாயில்லைப்பா என்று சொல்ல வந்தது. அது தப்பு, என் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் வார்னிங் எழுதிக் கொடுத்திருப்பார் என்று சொல்ல வந்தது. அதற்குப் பதிலாகக் கடைசிக் கிளாம்பை வேண்டியதற்குமேல் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, பிறகு அதைத் தளர்த்திச் சரியாக வைத்தேன்.

எண்ணெய் வந்ததும் புனல் வைத்து ஊற்றினோம். என் வீட்டுக்காரரை உட்கார வைத்து இன்ஜினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாக மாற்றச் சொன்னேன். அடியில் பார்த்தேன், ஈரமில்லை. அளவுக்கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அப்போது என் வீட்டுக்காரர் இறங்கி வந்து ஊற்றிக்கொண்டே என் காதோரம் குனிந்து, “போன மாசம் மாமா அப்படிச் சொன்னாருல்ல, தெப்ராவ் வர்ற வரைக்கும் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நான் எத்தன ஹோஸு மாத்திருக்கேன் இந்தக் காடிக்கு? ஒண்ணத்தையாச்சும் தொடாதீங்கன்னு சொல்லிருக்காரா?” என்றார்.

அவருக்கும் வயிறெரிந்திருக்கிறது. கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். புனலைக் கவனிக்காமல் விட்டதில் கொஞ்சம் எண்ணெய் வெளியே சிந்தியது.

தேங்காயை உடைத்துவிட்டுத் திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சாவி அதிலேயே இருந்தது, என் வீட்டுக்காரர் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து கோத்தா திங்கி வெள்ளக் கதையை ஆரம்பித்தார். “அப்புறம் என்னாச்சுப்பா?” என்றேன். திரும்பி என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்து காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன். அப்பா முன்னால் நடந்து வாசலுக்குப் போனார். கார் நின்ற இடத்தில் கால் வைத்ததும் சர்ரென்று சறுக்கியது. தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லக் குனிந்து, விரலால் தொட்டு, கட்டைவிரலில் தேய்த்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

“அலமாக்! இது குங்குமமா? கியர் எண்ணெய் லா! காலையிலேருந்து சொட்டியிருக்கு.” எங்களைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “எனக்குக் கண்ணு தெரியல. ஒங்கம்மாவுக்கு எல்லாமே குங்குமம். மாப்பிள்ளைக்குத் தான் ஒடச்ச பூசணிக்காதான் பெருசு.”

என் பக்கம் விரலை நீட்டினார். விரல்நுனி சிவப்பாக இருந்தது.

“நீ ஒரு தடவ கிட்ட வந்து பாத்திருந்தா போதும் பாப்பா. காலையிலேயே சொல்லியிருப்ப.”

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அம்மாவும் ஆமாம் என்றார். மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய்ச் சோப்புத்தூளும் தேய்க்கிற பிரஷ்ஷும் எடுத்துவந்து, மூன்று நாள் சட்டத்தை மீறி, அந்தச் சிவப்பைத் தேய்க்க ஆரம்பித்தேன். அப்பா தடுக்கவில்லை.